ஊர் கூடி எழுப்பிய பள்ளி

அமெரிக்கத் தென்மாநிலங்களில் 1865-இல் அடிமைமுறை ஒழிந்த பின்னரும் கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி எட்டாக்கனியாகவே இருந்தது. அம்மக்களும் வரி செலுத்தினர். பள்ளிகளுக்கான அரசுப் பணமோ பெரும்பாலும் வெள்ளையர் பள்ளிகளுக்கே சென்றது.

இந்நிலையை மாற்ற முனைந்தவர், அலபாமா மாநிலத்து டஸ்கீகி கல்வி நிலையத்தின் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன். சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்ட் 1912-இல் அவருக்குக் கைகொடுத்தார். மறு ஆண்டு லோச்சபோகா என்னும் சிற்றூரில் முதற்பள்ளி எழுந்தது. ஆன செலவு 942.50 டாலர். ரோசன்வால்ட் 300 டாலரும், அவ்வட்டார வெள்ளையர் 360 டாலரும் அளித்தனர். எஞ்சிய 282.50 டாலர் கறுப்பின மக்களின் பங்கு. அதில் 150 ரொக்கம், மற்றது உடலுழைப்பு.

ஊராரும் தம் பங்கை ஈய வேண்டும் என்பதே திட்டத்தின் நிபந்தனை. நிலம் தந்தோர், மரம் தந்தோர், பருத்திக் காட்டில் ஒரு பகுதியைப் பள்ளிக்கென ஒதுக்கிப் பயிரிட்டோர் எனப் பலர் முன்வந்தனர். 1932-க்குள் 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள் எழுந்தன. இத்திட்டத்திற்கு ரோசன்வால்ட் நிதி வழங்கியது 43 இலட்சம் டாலருக்கு மேல். கறுப்பின மக்கள் வழங்கியதோ 47 இலட்சத்திற்கு மேல்.

ஆயினும் அவை ரோசன்வால்ட் பள்ளிகள் என்றே பெயர் பெற்றன. வரி செலுத்தியும் பள்ளி பெறாதோர், மீண்டும் தம் உழைப்பைக் கொடுத்துப் பெற்ற கல்வி என்பதை அப்பெயர் உரைப்பதில்லை.

நிறவழிப் பள்ளிப் பிரிவினை செல்லாது என 1954-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர் அவற்றுள் பல மூடப்பட்டன. எஞ்சிய கட்டடங்கள் சிலவற்றை, அங்குப் பயின்றோரும் ஊராருமே மீண்டும் கைகோத்துப் புதுப்பித்துள்ளனர்.