சோழர் காலக் கோயிற் பணியாளரும் பணி ஊக்கமும்

கூலி ஒன்றே ஒருவரைப் பணியில் நிலைபெறச் செய்யுமா, அன்றி உரிமையும் மதிப்பும் உடன்வேண்டுமா என்னும் வினா, தாம்பரம், குரோம்பேட்டை, அஸ்தினாபுரம் வட்டாரத்தினின்று நாள்தோறும் அலுவலகங்களுக்குச் செல்வார் பலர்க்கும் உரியது. இது மேலைநாட்டு ஆட்சியியலார் முதன்முதல் எழுப்பிய வினா எனக் கருதுவாரும் உளர். நம் கல்வெட்டுகளை நோக்குவார் அங்ஙனம் கருதார்.

தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டொன்று, முதல் இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டு (கி.பி. 1014) வரை கோயிற் பணியாளர்க்கு அமைத்த நிவந்தங்களைத் தொகுத்துரைக்கின்றது. சோழநாட்டுத் தளிகள் பலவற்றினின்றும் கொணரப்பெற்ற தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்கும் தனித்தனியே ஒரு வீடும், ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல் பெறும் பங்கும் அளிக்கப்பட்டன. நட்டுவம் செய்வார் இரு பங்கு பெற்றனர். பெண்டுகள் ஒவ்வொருவரின் பெயரும், வந்த தளியும், குடியிருந்த சிறகும் கல்லில் எழுதப்பட்டுள்ளன. ஊழியரை எண்ணிக்கையால் மட்டும் குறியாது பெயரால் குறித்த இவ்வழக்கம் சிறிதன்று.

இதனினும் ஆராயத்தக்கது பணியிடம் நிரப்பும் முறை. பங்குடையார் ஒருவர் இறந்தாலும் வேற்றுநாடு சென்றாலும், அவர்க்கு அடுத்த உறவினர் அப்பங்கினைப் பெற்று அப்பணியைச் செய்தல் வேண்டும். அவர் தகுதியற்றவராயின், தகுதியுடைய பிறரைத் தேர்ந்து பணிசெய்வித்துத் தாம் பங்கினைப் பெறலாம். அடுத்த உறவினரே இலராயின், அப்பணியிலுள்ள ஏனையோரே தக்காரைத் தேர்தல் வேண்டும். பிறப்புரிமையைக் காத்து, அதே வேளையில் தகுதியையும் விடாத இவ்வேற்பாடு நுட்பமானது. தம்மொடு பணிபுரிவாரைத் தாமே தேரும் உரிமை இன்றைய அலுவலகங்களிலும் அரிது.

இனி, தாம்பரத்தினின்று செங்கற்பட்டு வழியே காஞ்சி செல்லும் இருப்புப்பாதையில் பழைய சீவரத்தில் இறங்கிப் பாலாற்றைக் கடந்தால் திருமுக்கூடல். அங்குள்ள வீரராசேந்திரன் கல்வெட்டு, பதினைந்து நோயாளர்க்கு இடமளித்த வீரசோழன் என்னும் ஆதுலர்சாலையைக் குறிக்கின்றது. மருத்துவன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்வானுக்கு 30 கலம். மூலிகை கொணர்வார் இருவர்க்கு 60 கலமும் 2 காசும். நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர்க்கு 30 கலமும் 1 காசும். நாவிதனுக்கு 15 கலம். மருத்துவனுக்கு நாள் ஒன்றுக்கு முக்குறுணியும், அப்பெண்டிர் ஒவ்வொருவர்க்கும் நானாழியும் ஆகும். பகலும் இரவும் நோயாளர் அருகிருந்தவர்க்கு நாவிதன் பெற்ற நெல்லே கிடைத்தது. காசின் அரைப்பங்கே வேறுபாடு.

இவற்றைக் கொண்டு சோழர் காலப் பணியாளர் மனநிறைவுடன் வாழ்ந்தனர் எனத் துணிதல் பொருந்தாது. தளிச்சேரிப் பெண்டுகள் தத்தம் ஊர்விட்டு விரும்பி வந்தனரா, ஆணைக்குப் பணிந்து வந்தனரா என்பதைக் கல்வெட்டு கூறவில்லை. வழிவழி வரும் பங்கு வறுமையினின்று காத்தது உண்மையே. ஆயினும், தாயின் தொழிலை மகள் விட்டு நீங்குதற்கு அதுவே தடையும் ஆகியிருத்தல் கூடும். வேற்றுநாடு சென்றார்க்கென ஒரு விதி வகுக்கப்பட்டிருத்தலை நோக்க, வீடும் நூறு கலமும் இருந்தும் பணியை விட்டுச் செல்வார் உளராதலை ஆட்சியாளர் எதிர்நோக்கினர் என்பது பெறப்படும். நிவந்தங்களின் பெருமை பேசும் நூல்கள் இக்குறிப்பைப் போதிய அளவு கருதவில்லை என்பது எம் எண்ணம்.

இருவேறு காலத்து, இருவேறு இடத்துக் கணக்குகளை நேர்நிறுத்தி ஒப்பிடுதலில் இடர் உண்டு. தஞ்சையில் நெல் அளந்தது ஆடவல்லான் என்னும் மரக்கால். எனினும் ஒரு வேறுபாடு அளவையைச் சார்ந்ததன்று. தஞ்சையில் ஆடிய நானூற்றுவர் பெயரும் உள. திருமுக்கூடல் ஆதுலர்சாலையில் மருத்துவன் பெயர் உளது. மூலிகை கொணர்ந்தாரும் நோயாளரைப் பேணிய பெண்டிரும் தொழிலாலன்றிப் பெயரால் அறியப்படவில்லை.