நிலவின் மண்ணுக்கடியில் பனிக்கட்டி: தேடலில் கொங்கு மண்ணின் பங்கு

ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் கிடைக்காத இடங்கள் நம் கோவை வட்டாரத்தில் உண்டு. நிலத்தடி நீரைத் தேடும் கவலை நமக்குப் புதிதல்ல. இதே தேடல் பூமிக்கு வெளியேயும் நடக்கிறது.

2008-ல் செவ்வாயின் வட பகுதியில் இறங்கிய நாசாவின் ஃபீனிக்ஸ் கலம், சில சென்டிமீட்டர் தோண்டியதும் வெள்ளைத் துண்டுகள் தெரிந்தன. நான்கே நாளில் அவை மறைந்துவிட்டன. உப்பாக இருந்தால் மறைந்திருக்காது; அது ஆவியாகிப்போன பனிக்கட்டி.

அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று சந்திரயான்-1 நிலவுக்குப் புறப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சி அருகே கோதவாடி கிராமத்தில் பிறந்து, கோவையில் பொறியியல் படித்தவர். நிலவில் நீர் மூலக்கூறுகள் இருப்பதற்கான சான்று, இக்கலத்தில் இருந்த நாசா கருவி மூலம் கிடைத்ததாக 2009 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது.

புதைந்த பனியைத் தேடியது இன்னொரு கருவியான மினி-சார் ரேடார். வெயிலே படாத பள்ளங்களுக்குள் அலைகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை அது பதிவு செய்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு. கரடுமுரடான பாறையும் பனியைப் போன்ற எதிரொலியையே தரும். ஆனால் பாறையாக இருந்தால், பள்ளத்தின் விளிம்புக்கு வெளியேயும் அது தெரிய வேண்டும். உள்ளே மட்டும் அவ்வாறு தெரிந்த 40-க்கும் மேற்பட்ட பள்ளங்கள் வட துருவப் பகுதியில் கண்டறியப்பட்டன. அங்கே குறைந்தது 60 கோடி டன் பனி இருக்கலாம் என்று 2010-ல் மதிப்பிடப்பட்டது. தோண்டிப் பார்த்தால்தான் இது உறுதியாகும்.

அதற்கு முதலில் அங்கே இறங்க வேண்டும். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறை, நிலவின் மேட்டுநில மண்ணை ஒத்தது. அதை அரைத்துச் செய்த மண்ணில்தான் இஸ்ரோ தன் கலங்களைச் சோதித்தது.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 தென் துருவத்துக்கு அருகே இறங்கி, வெப்பமானி பொருத்திய ஊசியை மண்ணுக்குள் செலுத்தியது. மேலே 50 டிகிரிக்கும் அதிகமான சூடு. 8 சென்டிமீட்டர் ஆழத்திலோ உறைநிலைக்கும் கீழான குளிர். மேல்மண் ஒரு போர்வைபோல் வெப்பத்தைத் தடுக்கிறது. அடியில் பனி தங்க வாய்ப்பிருப்பதை இது காட்டுகிறது.

பனி கிடைத்தால் குடிநீரும், சுவாசிக்க ஆக்சிஜனும், ராக்கெட்டுக்கு எரிபொருளும் அங்கேயே தயாரிக்கலாம். தோண்டிப் பார்க்கும் வேலை இனிமேல்தான் நடக்க வேண்டும். இன்று பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் அதில் இடமிருக்கிறது.