குன்றிமணியும் மில்லிகிராமும்

புணே நகரில் வாழும் தமிழர் நகைக் கடைக்குச் சென்றால் முதலில் இடறுவது அளவுச் சொல்லில்தான். யாம் ‘பவுன்’ என்போம். கடைக்காரர் ‘தோளா’ என்பார். எமது பவுன் வாணிக வழக்கில் 8 கிராம். அவரது தோளா இன்று 10 கிராம். இரண்டும் பழைய பெயரில் உலவும் புதிய அளவுகளே. ஆங்கிலப் பவுன் நாணயத்தின் மெய்யான எடை 7.988 கிராம், பழைய தோலாவின் எடை 11.664 கிராம். இவ்வளவில் நின்றிருந்தால் யாம் இக்கட்டுரையை எழுதப் புகுந்திருக்க மாட்டோம். பவுனுக்கும் முந்திய வராகனெடையும் மஞ்சாடியும் எம் கைக்கு வந்து சேர்ந்தன.

எம் பாட்டியார் 1938-ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் எழுதிவைத்த சீர்க் குறிப்பில், “அட்டிகை ஒன்று, 12 வராகனெடை, 3 பணவெடை, 1 மஞ்சாடி” என்றிருக்கிறது. அவ்வட்டிகை எம் தங்கைக்கே உரியதென்று அவர் வாய்மொழியாகச் சொல்லிச் சென்றார். எம் தந்தையாரோ ஓர் இக்கட்டில் அதனை விற்றுவிட்டார். அந்த இக்கட்டு எம் திருமணச் செலவேயாதலின், கடன் எம்முடையது. தங்கை மகளுக்கு மணம் கூடிய இவ்வாண்டில் எடைக்கு எடை பொன் தர முடிவு செய்தோம். ஆனால் எத்தனை கிராம்?

வாய்பாடு எளிது. 2 குன்றிமணி 1 மஞ்சாடி. 2 மஞ்சாடி 1 பணவெடை. 8 பணவெடை 1 வராகனெடை. 10 வராகனெடை 1 பலம். ஆகவே ஒரு பலத்திற்கு 320 குன்றிமணி. அட்டிகையின் எடை 398 குன்றிமணி. இனி ஒரு குன்றிமணிக்கு எத்தனை மில்லிகிராம் என்று தெரிந்தால் போதும் என்று எண்ணினோம். தொல்லை அங்கேதான் தொடங்கிற்று.

குன்றிமணி என்பது வேலியோரக் கொடியில் காய்க்கும் விதை. செடிக்குச் செடி அதன் எடை சிறிது மாறும். ஆகையால் நம் முன்னோர் விதையை மட்டும் நம்பியிருக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராச சோழர் அளித்த பொன், ‘ஆடவல்லான்’ என்னும் பெயருடைய எடைக்கல்லால் நிறுக்கப்பட்டதாகக் கல்வெட்டுக் கூறுகிறது. மணி பதித்த அணிகளுக்கோ ‘தக்ஷிணமேருவிடங்கன்’ என்னும் வேறொரு கல். ஒரே கோயிலில் இரு கற்கள்! சோழர் கணக்கில் 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. பிற்கால வாய்பாட்டிலோ 10 மஞ்சாடியே ஒரு கழஞ்சு. பெயர் நிலைத்தது, எடை நிலைக்கவில்லை.

கும்பினியார் 1833-இல் தோலாவை 180 கிரெயின் என்று வரையறுத்தனர். ஒரு கிரெயின் 64.799 மில்லிகிராம், ஆகவே தோலா 11,664 மில்லிகிராம். சென்னை வாணிகத்தில் 3 தோலா ஒரு பலம். 40 பலம் ஒரு வீசை. பின்னர் 1956-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொணர்ந்தது. 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்து, சேரும் வீசையும் கடைகளினின்று மறைந்தன. பார்சல்களை நிறுத்துச் சீட்டெழுதும் எம் போன்றோர்க்கு அது பெரிய விடுதலை என்போம். ஆயினும் சட்டம் பழைய தாள்களைத் திருத்தி எழுதவில்லையே!

சென்னைப் பலத்தை 320-ஆல் வகுத்தால் குன்றிமணி 109.35 மில்லிகிராம், அட்டிகை 43.52 கிராம். சோன்யா மாருதி சௌக்கிலுள்ள முதிய தட்டார் ஒருவரோ, “எட்டு குஞ்ஜ் ஒரு மாசா, பன்னிரண்டு மாசா ஒரு தோளா” என்று மராட்டிக் கணக்கைச் சொன்னார். குஞ்ஜ் என்பதும் நம் குன்றிமணியே. ஒரு தோளாவுக்கு 96 எனக் கொண்டால், குன்றிமணி 121.5 மில்லிகிராம்; அட்டிகை 48.36 கிராம். ஆயுர்வேத நூலார் இதனை 125 மில்லிகிராம் என முழுமையாக்கினர். சித்த மருத்துவ நூல்களில் 130 என்றும் காண்கிறோம். அதன்படி அட்டிகை 51.74 கிராம். முதற்கணக்குக்கும் கடைசிக் கணக்குக்கும் இடையே ஒரு பவுனுக்கு மேல் வேற்றுமை. மருந்துக்கு வகுத்த தோராயத்தைப் பொன்னுக்குக் கொள்வது பொருந்தாதெனினும், குறைந்த கணக்கை யாமே தேர்ந்துகொண்டால் தங்கை முகத்தில் எங்ஙனம் விழிப்பது?

இரண்டு இரவு உறக்கமில்லை. பிறகு அதே தாளின் அடியில் ஒரு வரி கண்ணிற்பட்டது: “மோதிரம், 2 வராகனெடை, 1 பணவெடை.” பாட்டனாரின் கல்லில்லாத மோதிரம் இன்றும் எம்மிடம் உள்ளது. தங்கையையும் அழைத்துக்கொண்டு கடைக்குச் சென்று மின்தராசில் வைத்தோம். 7.380 கிராம் என்று காட்டிற்று. மோதிரத்தின் 68 குன்றிமணிக்குச் சென்னைக் கணக்குப்படி 7.436 கிராம் வரவேண்டும். மராட்டிக் கணக்குப்படி 8.26 கிராம். குறைந்த 56 மில்லிகிராம், பாட்டனாரின் விரலிலும் எம் விரலிலும் தேய்ந்துபோனது. கும்பகோணத்துத் தட்டார் எந்தக் கல்லால் நிறுத்தார் என்பது விளங்கிவிட்டது.

“தேய்மானத்தையும் சேர்த்து 44 கிராமாகப் போடச் சொல்லட்டுமா, அம்மா?” என்றோம்.

“வேண்டாம் அண்ணா, பாட்டி எழுதினதே போதும்” என்றாள் தங்கை.

ரசீதில் 43.520 என்று எழுதி வாங்கினோம்.