சிமோனிதீஸும் இடிந்த கூடமும்: பாரோஸ் கல்வெட்டின் ஒரு பதிவு குறித்து

நினைவுக்கலையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒரே கதையில்தான் தொடங்குகிறார்கள். தெஸ்ஸலியில் ஸ்கோபாஸ் என்னும் பிரபு விருந்து வைக்கிறான். பாட்டுக்குப் பேசிய கூலியில் பாதியைக் காஸ்டர், பொலக்ஸ் என்னும் இரட்டைத் தேவர்களிடம் வாங்கிக்கொள்ளும்படி கவிஞர் சிமோனிதீஸிடம் சொல்கிறான். வாசலில் இளைஞர் இருவர் தேடுவதாகச் செய்தி வர, கவிஞர் எழுந்து வெளியே போகிறார். அந்நேரம் கூரை இடிந்து, உள்ளே இருந்தவர்கள் அடையாளம் தெரியாமல் நசுங்குகிறார்கள். யார் எங்கே அமர்ந்திருந்தார் என்பதை நினைவுகூர்ந்து பிணங்களை இனங்காட்டுகிறார் கவிஞர். இடங்களை மனத்தில் வரிசைப்படுத்தி, அவற்றில் உருவங்களைப் பொருத்தி நினைவில் நிறுத்தும் முறை இப்படித்தான் பிறந்தது என்கிறார் சிசெரோ. அவர் எழுதியது கி.மு. 55இல்; நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் காலமோ அதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கும் முந்தியது.

இக்கதைக்கு வரலாற்று எடை தந்தவர் பிரான்சிஸ் யேட்ஸ். 1966இல் வெளிவந்த அவருடைய நூல் இத்துறைக்கே அடித்தளமிட்டது. அதன் பிற்பகுதியில், ஜோர்டானோ புரூனோவைப் பற்றிய இயல்களில், அவருடன் எனக்குப் பிணக்கில்லை. சிக்கல் தொடக்க இயல்களில்தான். கதையை அப்படியே நம்பும் அளவுக்கு அவர் எளிமையானவர் அல்லர். பழைய வாய்மொழி மரபு ஒன்று முன்பே இருந்திருக்கலாம், சிமோனிதீஸ் அதை விதிகளாக வகுத்துக் கற்பித்தோ வெளியிட்டோ இருக்கலாம் என்று நிதானமாகவே சொல்கிறார். ஆனால் இந்த ‘இருக்கலாம்’ பின்வரும் இயல்களில் மெல்ல ‘இருந்தது’ ஆகிவிடுகிறது. அதற்கு அவர் காட்டும் முதன்மையான சான்று பாரோஸ் பளிங்குக் கல்வெட்டு.

அந்தக் கல் கி.மு. 264/3இல் முடியும் ஓர் ஆண்டுவரிசை. பெயர் தெரியாத ஒருவர் தொகுத்தது. 1627இல் லண்டனில் அருண்டெல் பிரபுவின் கைக்கு வந்தது. மேற்பகுதி பின்னர் தொலைந்துபோக, அதற்கு ஜான் செல்டன் எடுத்த படியே கதி. மற்றொரு துண்டு 1897இல் பாரோஸ் தீவிலேயே கிடைத்தது. நமக்கு வேண்டிய பதிவு சொல்வது இவ்வளவுதான்: லெயோப்ரெபெஸின் மகனும் கேயோஸ் தீவினனும் நினைவு உபாயத்தைக் கண்டறிந்தவனுமாகிய சிமோனிதீஸ், அடெய்மாண்டோஸ் ஆட்சியாண்டில் ஏதென்ஸில் பாடற்குழுப் பரிசை வென்றான், அதே ஆண்டில் ஹார்மோடியஸ், அரிஸ்டோகெய்டன் சிலைகள் நிறுவப்பட்டன, அதிலிருந்து இன்றுவரை 213 ஆண்டுகள். கணக்கிட்டால் கி.மு. 477/6.

இதில் விருந்து இல்லை. கூரை இல்லை. இடங்களும் இல்லை. ‘கண்டறிந்தவன்’ என்பது பெயருக்கு முன் ஒட்டப்பட்ட அடைமொழி; அந்த ஆண்டின் நிகழ்ச்சிகளாகப் பதியப்பட்டவை பரிசும் சிலைகளும் மட்டுமே. ஆகவே கலை எப்போது தோன்றியது என்பதற்கு இக்கல் காலம் குறிக்கவே இல்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிமோனிதீஸுக்கு இப்படி ஒரு புகழ் இருந்தது என்பதை மட்டும் இது நிறுவுகிறது.

அந்தப் புகழ் எங்கிருந்து வந்தது? சிமோனிதீஸ் பெயரில் வழங்கும் குறும்பாடல்களில் இரண்டு இங்கே பொருந்துகின்றன. ஒன்று, அடெய்மாண்டோஸ் ஆண்டில் எண்பது வயதில் பெற்ற வெற்றியைப் பேசுகிறது. இன்னொன்று, எண்பது வயதிலும் நினைவாற்றலில் தனக்கு நிகரில்லை என்கிறது. பளிங்கின் தொகுப்பாளர் இத்தகைய பாடல்களையே ஆதாரமாகக் கொண்டிருப்பார் என்பது என் ஊகம். தந்தை பெயர், வெற்றி, நினைவு மூன்றும் ஒருங்கே வருவதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. அப்படியானால் கிழவர் ஒருவரின் பெருமிதம், நூற்றாண்டுகள் கடந்து, ஒரு கலையின் கண்டுபிடிப்பாக உருமாறியிருக்கிறது. அப்பாடல்கள் அவர் இயற்றியவைதாமா என்ற ஐயம் உண்டு. அது என் வாதத்தைப் பாதிக்காது. கல் வெட்டப்படுமுன் அவை வழங்கியிருந்தால் போதும்.

ஏறத்தாழ அந்தத் தொகுப்பாளரின் தலைமுறையைச் சேர்ந்த இன்னொரு சாட்சி, கவிஞர் கலிமாக்கஸ். எகிப்தியப் பாப்பிரஸில் கிடைத்த அவர் கவிதைப் பகுதியில், கல்லறை இடிக்கப்பட்ட சிமோனிதீஸ் தாமே பேசுகிறார். நினைவு பற்றிய பெருமை ஒரு வாக்கியத்தில் வருகிறது. கிரான்னோனில் ஸ்கோபாஸ் குடும்பத்தார் மேல் வீடு சரிந்ததும், இரட்டையர் தம்மை வெளியே கொண்டுவந்ததும் அடுத்து வருகின்றன. இரண்டையும் இணைக்கும் பிணங்களைக் காணோம். சொல்லாமல் விட்டதைச் சான்றாக்கலாமா என்று கேட்பார்கள். வரிகள் சிதைந்தும் உள்ளன. ஆனால் இக்கவிதை இடம்பெற்ற நூலின் பெயரே ‘காரணங்கள்’. சடங்கு, பெயர், வழக்கம் எதைக் கண்டாலும் அதன் தோற்றக்கதையைத் துருவியெடுத்த கவிஞர் அவர். ஒரு கலையின் தோற்றக்கதை கைக்கெட்டும் தூரத்தில், அதே இடிபாட்டுக்குள் கிடந்திருந்தால், அவர் அதைத் தாண்டிப் போயிருப்பாரா? மாட்டார் என்றே கருதுகிறேன். அவர் காலத்தில் இரு கதைகளும் தனித்தனியே இருந்தன.

கி.மு. 400ஐ ஒட்டியதாகக் கருதப்படும் ‘டயலெக்ஸெய்ஸ்’ என்னும் சிறு ஏட்டையும் யேட்ஸ் துணைக்கழைக்கிறார். கிரிசிப்பஸ் என்ற பெயரை நினைவில் வைக்கப் பொன்னையும் குதிரையையும் எண்ணு, வீரத்துக்கு ஏரிஸையும் அகிலீஸையும் எண்ணு என்கிறது அது. அங்கே உருவம் உண்டு, இடம் இல்லை. யேட்ஸும் இதைக் கவனித்துக் குறிப்பிடுகிறார். குறிப்பிட்டுவிட்டு மேலே போய்விடுகிறார். நின்றிருக்க வேண்டிய இடம் அது. இடங்களைக் கொண்டு நினைவுகூர்வதை அரிஸ்டாட்டில் அறிந்திருந்தார். ஆனால் அதனோடு சிமோனிதீஸ் பெயரை அவர் சேர்க்கவில்லை. கி.மு. 80களில் எழுதப்பட்ட ‘ஹெரெனியஸுக்கு’ என்னும் இலத்தீன் கையேடு இடங்களையும் உருவங்களையும் விரிவாகக் கற்பித்தும், நினைவுப் பகுதியில் இக்கதையைச் சொல்வதில்லை.

இம்முறைக்குக் கண்டுபிடிப்பாளர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்ற எண்ணமே யேட்ஸை இழுத்துச் சென்றது. ஆனால் அப்படி ஒருவர் தேவையில்லை. உளவியலாளர் லூரியா 1920களிலிருந்து ஆராய்ந்த ஷெரெஷெவ்ஸ்கி, சொற்பட்டியல்களை உருவங்களாக்கி, மாஸ்கோவின் கார்க்கி தெருவில் வீட்டுக்கு வீடு வைத்துக்கொண்டே போவார். எந்தக் கையேடும் அவருக்கு இதைக் கற்றுத்தரவில்லை. முட்டையை வெள்ளைச் சுவரோரம் வைத்ததால் திரும்பி வரும்போது அது கண்ணில் படவில்லை என்பார். மங்கிய இடங்களில் உருவங்களை வைக்காதே என்று ஹெரெனியஸ் கையேடு எச்சரித்ததை அவர் தாமாகவே பட்டறிந்திருக்கிறார். 2003இல் எலினார் மக்வயர் குழு, நினைவாற்றலில் சிறந்த பத்துப் பேரை ஆராய்ந்தபோது, மூளையின் அமைப்பில் வேறுபாடு காணவில்லை; ஒன்பது பேர் இட முறையையே கையாண்டனர். வழியறிதலுக்கு உதவும் மூளைப் பகுதிகள் அப்போது அவர்களிடம் இயங்கின. இம்முறை மீண்டும் மீண்டும், பலரிடம், தானாகவே முளைக்கக்கூடியது. அதன் திறம் சிமோனிதீஸுக்குச் சான்றாகாது.

இரு கதைகளையும் பிணைத்தவர் யார், எப்போது என்பது தீரவில்லை. கலிமாக்கஸுக்கும் சிசெரோவுக்கும் இடையே ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் கிடக்கின்றன. அதற்குமேல் குறுக்க எனக்குத் துணிவில்லை. வீடு இருந்தது பார்சாலஸிலா கிரான்னோனிலா என்பதில் பழைய ஆசிரியர்கள் மாறுபட்டதை உரோமானியப் பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன் பட்டியலிடுகிறார். தேவர்கள் வந்த பகுதி கட்டுக்கதை என்கிறார். இவ்வளவு பெரிய பெருமையைக் கவிஞர் எங்கும் பாடாமல் இருந்திருப்பாரா என்பது அவர் கேள்வி. ஆயினும் வீடு பார்சாலஸில் இருந்ததாகச் சிமோனிதீஸே ஓரிடத்தில் குறிப்பதாகவும் சொல்கிறார். அந்தப் பாட்டு நமக்கு வந்து சேரவில்லை. அது கிடைக்காதவரை, கட்டடம் உண்மையிலேயே இடிந்தது என்பதை மறுக்கவும் என்னிடம் சான்று இல்லை.