கூந்தன்குளமும் பள்ளிக்கரணையும்

பாளையங்கோட்டைக்காரர்களுக்குப் பறவை என்றால் கூந்தன்குளம்தான். மணிமுத்தாற்றுத் தண்ணீர் வரும் அந்தக் குளம் 1994-ல் சரணாலயமானது. அதற்கு முன்பே ஊர்க்காரர்கள் காத்து வந்தார்கள். பறவைகளுக்காகத் தீபாவளி வெடியைக்கூட விட்டவர்கள்!

சென்னைப் பள்ளிக்கரணையின் கதை வேறு. 1960-களில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்த கழுவெளி அது. ஆனால் அரசுக் கணக்கில் பயனற்ற தரிசு போலத்தான். கணக்கில் மதிப்பு பூஜ்யம் என்று எழுதிவிட்டால் அப்புறம் நஷ்டம் எங்கே தெரியும்? ஒரு பக்கம் பெருங்குடி குப்பைக்கிடங்கு, மறுபக்கம் ஆராய்ச்சி நிறுவனங்கள் (காற்றாலை ஆராய்ச்சி மையமும் அங்கேதான்), ஐ.டி. கம்பெனிகள், அடுக்குமாடிகள்... ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது.

2007-ல்தான் 317 ஹெக்டேர் காப்புக்காடு ஆனது. 2015 வெள்ளத்தில் வேளச்சேரி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோதுதான் பலருக்கும் கழுவெளியின் நினைவே வந்தது. கூந்தன்குளத்தைப் போலவே பள்ளிக்கரணைக்கும் 2022-ல் ராம்சர் அந்தஸ்து கிடைத்தது, சுமார் 1,247 ஹெக்டேருக்கு. ஆனால் எல்லை எது என்பதில் குழப்பம். 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், அளவெடுத்து முடியும்வரை சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டிட அனுமதியே கூடாது என்றது. அங்கே மனை வாங்கி, பிளான் அப்ரூவலுக்குக் காத்திருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள்.