பெர்சியன் பூனை வாங்கப் போறீங்களா? ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்கள் முதலில் தெரிஞ்சுக்க வேண்டியது இதுதான்!

நாய் வளர்த்தால் வாக்கிங் கூட்டிட்டுப் போகணும். குரைச்சா பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். பூனைன்னா அந்தத் தொல்லை இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளில் வேலை பார்த்துக்கொண்டு, சின்ன வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இப்படித் தோன்றுவது இயல்புதான். அதிலும் பஞ்சு உருண்டை மாதிரி ஒரு பெர்சியன் குட்டியின் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தால், உடனே வாங்கிடலாம்னு தோணும்.

ஆனால் நம்மை மயக்கும் அந்த நீண்ட முடியும் தட்டை முகமும்தான் இந்தப் பூனைக்குப் பெரிய சுமை. எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

பெயர் பெர்சியன்... சொந்த ஊர் எது?

17ஆம் நூற்றாண்டில் பெர்சியாவுக்கு, அதாவது இன்றைய ஈரானுக்குச் சென்ற இத்தாலியப் பயணி பியத்ரோ டெல்லா வல்லே, அங்குள்ள குராசான் பகுதியின் நீளமுடிப் பூனைகளைப் பற்றி எழுதினார். அதன் பிறகு ஐரோப்பாவில் நீளமுடிப் பூனைகளுக்கு மவுசு கூடியது. 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த புகழ்பெற்ற பூனைக் கண்காட்சியிலும் இவை இடம்பெற்றன.

இதில் ஒரு சுவாரஸ்யம். 2008இல் வெளியான மரபணு ஆய்வில், இன்றைய பெர்சியன் பூனைகள் மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்குத்தான் நெருக்கமானவை என்று தெரியவந்தது. தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் ஜோடி சேர்த்து உருவாக்கிய தோற்றம் இது.

குணம் எப்படி?

சாதுவானது, அதிகம் தாவாது, அதிகம் கத்தாது. பெரும்பாலும் 3 முதல் 6 கிலோ எடை இருக்கும். நன்றாகப் பராமரித்தால் 12 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். சின்ன வீட்டுக்குப் பொருத்தமான குணம்தான். சிக்கல் பராமரிப்பில்தான் இருக்கிறது.

தினமும் சீவணுமா?

ஆமாம், தினமும். மேல்முடிக்கு அடியில் மென்மையான அடர்ந்த உள்முடி இருக்கிறது. இரண்டு மூன்று நாள் விட்டாலே சிக்குப் பிடிக்கும். சிக்கு இறுகினால் தோலை இழுக்கும், வலிக்கும், புண்ணாகும். பூனை தன்னை நக்கும்போது முடி வயிற்றுக்குள்ளும் போகும்.

உலோகச் சீப்பால் தினமும் 10 முதல் 15 நிமிடம் சீவ வேண்டும். தட்டை முகம் என்பதால் கண்ணில் நீர் வடியும். அதையும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

நம்ம ஊர் வெயில் தாங்குமா?

மனிதர்களைப் போல பூனைக்கு உடல் முழுக்க வியர்க்காது. பெர்சியனுக்குக் கம்பளி போர்த்தியது போன்ற முடி வேறு. மூக்குத் துவாரமும் குறுகலாக இருப்பதால் மூச்சு விடவே சிரமப்படும். கோடையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையிலோ, ஷீட் போட்ட வீட்டிலோ பூட்டிவிட்டு ஷிஃப்டுக்குப் போவது உயிருக்கே ஆபத்து. ஏசி போட்டுவிட்டுப் போனாலும் கரண்ட் கட்டானால் பார்க்க ஆள் வேண்டும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா? எச்சில் ஒழுக, தள்ளாடுகிறதா? உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரால் உடலை நனைத்து, ஃபேன் காற்றில் வையுங்கள். தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

வெளியே தெரியாத நோய்

பெர்சியன் இனத்தைப் பரம்பரையாகத் துரத்துவது சிறுநீரக நீர்க்கட்டி நோய். மரபணு சோதனை பரவலாவதற்கு முன், பல நாடுகளில் பரிசோதித்த பெர்சியன் பூனைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இது இருந்தது. தாய், தகப்பன் இரண்டில் ஒன்றுக்கு இருந்தாலே, ஒவ்வொரு குட்டிக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

குட்டியாக இருக்கும்போது எதுவும் தெரியாது. கட்டிகள் மெல்ல வளர்ந்து, பல ஆண்டுகள் கழித்துத்தான் சிறுநீரகம் செயலிழக்கும். அதிகத் தாகம், அதிகச் சிறுநீர், பசியின்மை, எடை குறைவு ஆகியவை அறிகுறிகள். முழுமையாகக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் இதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2004இல் கண்டறியப்பட்டதால், சோதனை மூலம் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

வாங்கும் முன் இதைக் கேளுங்க!

* தாய்ப் பூனையை நேரில் காட்டச் சொல்லுங்கள். தாய், தகப்பனின் சிறுநீரகச் சோதனை முடிவைக் கேளுங்கள்.
* பால்குடி மறக்காத, 8 வாரம்கூட ஆகாத குட்டியை வாங்காதீர்கள்.
* கடையில் வாங்கினால், 2018ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று பாருங்கள்.
* மூச்சில் குறட்டைச் சத்தம், மூக்கடைப்பு இருந்தால் யோசியுங்கள். முகம் எவ்வளவு தட்டையோ, அவ்வளவு சிரமம்.
* வெறிநோய் உள்ளிட்ட தடுப்பூசிகளை மருத்துவர் சொல்லும் நாளில் போடுங்கள்.
* பாராசிட்டமால் மாத்திரையும், நாய்க்கு உண்ணி ஒழிக்கப் போடும் பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு விஷம். கொடுக்கவே கூடாது.

பக்கத்தில் பூனைகளைப் பார்க்கும் மருத்துவர் யார் என்பதை முதலிலேயே விசாரித்து வையுங்கள். பெரிய சிகிச்சை என்றால் சென்னை வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

கம்பெனி பஸ்ஸில் போய் வரும் நேரத்தையும் சேர்த்தால், ஒருவர் நாளில் 11, 12 மணி நேரம் வீட்டில் இருப்பதில்லை. ஓவர்டைம் வந்தால் இன்னும் கூடும். அந்த நேரத்தில் தண்ணீர் வைக்க, சீவிவிட, வெயிலில் கவனிக்க வீட்டில் இன்னொருவர் இருந்தால் பெர்சியன் வளர்க்கலாம். தனியாக இருப்பவர் என்றால், நம்ம வெயிலுக்குப் பழகிய, தன் முடியைத் தானே பார்த்துக்கொள்ளும் நாட்டுப் பூனைக் குட்டியைத் தத்தெடுக்கலாம். விலையும் இல்லை, பாசத்துக்கும் குறையில்லை!