ஈயக்குண்டும் இரலை மானும்

குலசேகரன்பட்டினம் என்றவுடன் இக்காலத்தார்க்கு முத்தாரம்மன் கோயில் தசராத் திருவிழாவே நினைவுக்கு வரும். சரித்திரம் பயின்றோர்க்கோ, பாண்டியன் மாறவர்மன் குலசேகரனின் பெயரைத் தாங்கிய பழந்துறைமுகம் மனத்தில் எழும். அக்கடற்கரையினின்று வடமேற்கு நோக்கிச் செல்பவன், பனைகள் அடர்ந்த செம்மணல் தேரியைக் கடந்து, தாமிரபரணியின் நெல்வயல்களையும் தாண்டி, ஆற்றின் வடபால் முட்புதர் மண்டிய வல்லநாட்டுக் குன்றை அடைவான். இந்தியாவில் இரலை மான் இயற்கையாக வாழும் இடங்களுள் தென்கோடியில் உள்ளது அக்குன்றே. ஒரு காலத்தில் பாரத தேசத்துச் சமவெளிகளிலெல்லாம் மந்தை மந்தையாகத் திரிந்த அப்பிராணி இன்று ஆங்காங்கே ஒதுங்கி வாழ நேர்ந்ததற்குக் காரணம் கூறப் புகுவோர், நாட்டு வேட்டைக்காரனையே முதற்குற்றவாளியாக நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. துப்பாக்கியின் சரித்திரத்தோடு அதன் வாயிலிருந்து புறப்பட்ட ஈயக்குண்டின் சரித்திரத்தையும் சேர்த்து நோக்குகையில், அத்தீர்ப்பு எனக்கு நியாயமாகப் படவில்லை.

காரீயம் என்பது உலோகங்களுள் மிகவும் இணக்கமுடையது. ஏறக்குறைய 327 பாகை வெப்பத்தில் உருகிவிடுவதால், கரி அடுப்பும் இரும்புக் கரண்டியும் உடையவன் எவனும் அதனைக் காய்ச்சி அச்சில் வார்க்கலாம். கொல்லுலையின் பெருந்தீ அதற்கு வேண்டுவதில்லை. வலையின் அடிக்கயிற்றில் ஈயக்குண்டு கோத்துக் கடலில் இறக்கும் பரதவர்க்கு இது புதுமையன்று. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றையும் இடித்துச் சேர்த்த கருமருந்து ஒரு குடுக்கையிலும், தன் துப்பாக்கிக் குழலுக்கென்றே வார்த்த குண்டுகள் ஒரு பையிலுமாக, எந்தத் தொழிற்சாலையையும் எதிர்பாராமல் வாழ்ந்தவன் பழைய வேட்டைக்காரன்.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் முத்துக்குளித்துறைக்கு வந்து, 1542-இல் சவேரியாரும் மணப்பாட்டுக் கரையில் அடி வைத்த காலத்தில், திரித்துப்பாக்கி தென்னாட்டில் பரவத் தொடங்கியிருந்தது; பின்வந்த இருநூறு ஆண்டுகளில் அது பாளையக்காரர்களின் கோட்டைகளில் வேலுக்கும் வாளுக்கும் பக்கத்திலே இடம்பிடித்தது. ஆயினும் அதன் சக்தியை மிகைப்படுத்தலாகாது. உட்புறம் வழவழப்பான குழலினின்று புறப்படும் உருண்டைக் குண்டு, ஐம்பது அறுபது அடிவைப்புக்கு அப்பால் எங்கே செல்லும் என்பதை எய்தவனே உறுதியாகச் சொல்ல இயலாது. திரியின் புகையும் மணமும் மானுக்கு முன்னரே எச்சரிக்கை தந்துவிடும். ஒரு முறை சுட்டபின் மறுமுறை மருந்து கெட்டிப்பதற்குள், மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடவல்ல இரலை கண்ணுக்கு எட்டாத தொலைவு போயிருக்கும். ஆகவே மானை நெருங்கும் வித்தையே வேட்டையின் சாரமாக இருந்தது. அக்காலத்து வேட்டையின் உயிர்ப்பை அறிய விரும்புவோர், கும்பினிப் படையில் பணியாற்றிய ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளைக் காணவேண்டும். சிவகங்கைச் சீமையின் பெரிய மருது அரசியலைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் தம் பொழுதையெல்லாம் வேட்டையிலேயே கழித்தார் என்றும், ஆற்காட்டு ரூபாயை விரலாலேயே வளைக்கும் பலம் அவருக்கு இருந்ததாகச் சொல்லப்பட்டது என்றும், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்பித்தவர் சின்ன மருதுவே என்றும் வெல்ஷ் அன்போடு எழுதுகிறார். அதே வெல்ஷ் 1801-இல் அம்மருதுகளுக்கு எதிராகவே போர்க்களம் புக நேர்ந்தது என்பதை வாசிக்கும்போது நெஞ்சம் கனக்கின்றது.

1799 அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும், 1801 மே மாதத்தில் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்ததும், அவ்வாண்டின் அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் உயிர் நீத்ததும் யாவரும் அறிந்தவை. அவற்றைத் தொடர்ந்து 1801 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம், தென்பாளையங்களின் ஜனங்கள் ஆயுதம் தாங்குவதை விலக்கியது. படைவீரனின் துப்பாக்கி எது, பயிர் காக்கும் குடியானவனின் துப்பாக்கி எது என்று பகுத்துப் பார்க்கும் பொறுமை வெற்றிபெற்ற அதிகாரத்துக்கு இல்லை. பின்னர் 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் தேசம் முழுவதற்கும் லைசென்சு முறையை விதித்தது. ஐரோப்பியர்க்கு விலக்கு, சுதேசிக்கு விண்ணப்பம். பயிர்க் காவலுக்காக அனுமதி பெற்றவனின் கையில் பெரும்பாலும் வாய்வழி மருந்து கெட்டிக்கும் பழைய நாட்டுத்துப்பாக்கியே எஞ்சிற்று.

அதே காலத்திலேதான் சீமைத் துப்பாக்கியின் வளர்ச்சி பாய்ச்சலாக நடந்தது. குழலின் உட்புறத்தில் திருகாகச் செதுக்கிய வரிகள் குண்டைச் சுழலச் செய்து நேர்வழியில் நிறுத்தின. பின்புறமாகத் தோட்டா இடும் முறை கெட்டிக்கும் தாமதத்தை ஒழித்தது. 1871-இல் பிரிட்டிஷ் படை ஏற்ற மார்ட்டினி–ஹென்றி துப்பாக்கியின் குண்டு ஏறக்குறைய 31 கிராம் எடையுடையது. பன்னிரண்டு பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்துச் செய்து, காகிதம் சுற்றியது. தனி ஈயம் மிக மென்மையானதாகையால், வேகம் மிகும்போது வரிகளில் அப்பிக்கொண்டு குறியைக் கெடுக்கும். அதனாலேயே இக்கலப்பும் காகிதச் சுற்றும் தேவைப்பட்டன. ஆயினும் வேட்டைக்குப் பயன்பட்டது அந்த மென்மையே. வினாடிக்கு நானூறு மீட்டர் அளவான வேகத்தில் மானின் உடலில் பட்ட மெல்லிய ஈயக்குண்டு, எலும்பைத் தொட்டதும் மலர்ந்து அகன்று, ஒரே அடியில் வீழ்த்திவிடும்; கடினமான குண்டோ ஊடுருவிப் போய், காயம்பட்ட பிராணியை வெகுதூரம் ஓடவிட்டு வதைக்கும். மான் வேட்டைக்கென்றே பத்து மில்லிமீட்டர் அளவான நடுத்தரக் குழல் கொண்ட ‘எக்ஸ்பிரஸ்’ ரைபிள்களை இங்கிலாந்தின் கம்மியர்கள் செய்தனுப்பினர்.

படைத் தோட்டாக்கள் கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்னும் அச்சத்தால், 1907-இல் .450 அளவுத் துப்பாக்கிகளை இந்தியாவுக்குள் கொண்டுவருவதைச் சர்க்கார் தடுத்தபோது, அதே கம்மியர்கள் சிறிது வேறுபட்ட அளவுகளைப் படைத்து வேட்டைக்காரத் துரைமாரின் குறையைத் தீர்த்தனர். பயிரைக் காக்கும் குடியானவன் கச்சேரி வாசலில் விண்ணப்பத்தோடு காத்து நின்ற தேசத்தில், பொழுதுபோக்குக்குச் சுடுவோர்க்காக உலைகள் புது அளவில் குழல் வார்த்தன என்பதை நாம் மறக்கலாகாது.

இரலை காட்டில் ஒளியும் ஜாதியன்று. வெட்டவெளியை விரும்புவது, தன் கண்ணையும் காலையும் நம்பி வாழ்வது. ஆளைக் கண்டால் ஓடும் அது, வயற்புறத்தில் அன்றாடம் காணும் மாட்டுவண்டியைக் கண்டு அஞ்சாது. ஆதலால் வண்டியின் மறைவில் மெல்ல நடந்து, மந்தையை வளைத்துச் சென்று சுடுவது துரைமாரின் வழக்கமாயிற்று. திரித்துப்பாக்கிக்காரன் ஐம்பது அடிவைப்புக்குள் வந்தாக வேண்டும். ரைபிள்காரனுக்கோ இருநூறு கஜம் போதும். அந்த ஐம்பது அடிவைப்பே மானுக்குப் பல நூற்றாண்டுகளாகக் காவலாக இருந்தது என்பது என் துணிபு. அக்காவல் அகன்றதோடு மேய்ச்சல் வெளியும் உழுநிலமாகிச் சுருங்கவே, மந்தைகள் நிலைகுலைந்தன.

ஆயுதம் மறுக்கப்பட்ட ஜனங்களின் மனக்குமுறல் எவ்வளவு ஆழமானது என்பதைக் குலசேகரன்பட்டினமே 1942 செப்டம்பர் 20-ஆம் தேதி காட்டிற்று. வெள்ளையனே வெளியேறு இயக்கத்து இளைஞர்கள் அவ்வூர் உப்பளத்துள் புகுந்து காவலரின் ஆயுதங்களைக் கைப்பற்றியபோது, உப்பிலாகா உதவி அதிகாரி லோன் துரை கொல்லப்பட்டார். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட காசிராஜனும் ராஜகோபாலனும் பின்னர் அத்தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பெற்று, 1946-இல் விடுதலையாயினர்.

சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே, 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இரலையைத் தன் முதல் அட்டவணையில் சேர்த்தது. அதனைக் கொல்வோர்க்கு இன்று மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை உண்டு. 1987-இல் வல்லநாட்டுக் குன்றைச் சுற்றிய 16.41 சதுர கிலோமீட்டர் நிலம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்த எல்லைக்கு வெளியே, பயிரை மேயவரும் மந்தையைக் கண்டால், இன்றைய குடியானவன் கையைத் தட்டியும் தகரத்தைத் தட்டியுமே விரட்ட வேண்டும்.